சொதியில் ஊற்றாத புளி

நீங்கள் ஒருத்தர்தான் எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள் அக்கா. முப்பத்தாறு பேர் உட்கார்ந்திருந்தீர்கள். ‘செல்போன் செயலியில் அதிகப் பார்வை பெற ஏழு குறிப்புகள்’ என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் ஆறு சொன்னேன். டீ வந்தது, வடை வந்தது. கைதட்டினீர்கள். எல்லோரும் செருப்பைத் தேடப் போய்விட்டீர்கள். தப்பித்தோம் என்று தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தால், பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, “தம்பி, ஏழாவது என்ன?” என்கிறீர்கள்.

இல்லை இல்லை, கோபமில்லை. கேட்பதற்குத்தானே வகுப்பு. நோட்டீஸ் போன மாதம் அடித்தது. அடிக்கும்போது ஏழு இருந்தது. சுரண்டையில் ஏழும் சொன்னேன். புளியங்குடியிலும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், ஏழாவதுக்குத்தான் கைதட்டல் அதிகம். இன்றைக்குத்தான் விட்டேன். ஆலங்குளம் வரைக்கும் வருகிறீர்களா? அப்படியென்றால் நேரம் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் நீங்கள் விற்கிற பருப்புப்பொடிக்கு அது வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முதல் குறிப்பே போதும். முதல் மூன்று விநாடி. ‘வணக்கம் நண்பர்களே’ என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் கையைக் கூப்பி முடிப்பதற்குள் ஆள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவான். மிளகாய் வறுபட்டு வீட்டில் யாராவது தும்முவார்கள் பாருங்கள், அந்தத் தும்மலில் ஆரம்பியுங்கள்.

பார்த்தீர்களா, மறுபடியும் தொடங்கிவிட்டேன். வாய் அப்படிப் பழகிவிட்டது.

ஏழாவது இதுதான். வீடியோவில் ஒரு தப்பை வேண்டுமென்றே விட்டுவைக்க வேண்டும். அவ்வளவுதான். சின்னத் தப்பு. தெரிந்தவர்களுக்குச் சுருக்கென்று குத்துகிற தப்பு. நல்லா இருக்கு என்று நினைக்கிறவன் பார்த்துவிட்டுப் போய்விடுவான் அக்கா, ஒரு எழுத்து எழுத மாட்டான். தப்பு என்று தெரிந்தவன் போக மாட்டான். நிறுத்துவான். திரும்ப ஓட்டிப் பார்ப்பான். வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுவான். ‘இது கூடத் தெரியாதா’ என்று எழுதுவான். எழுதியதற்கு யார் என்ன பதில் போட்டிருக்கிறார்கள் என்று சாயங்காலம் வந்து பார்ப்பான். செயலிக்கு அது திட்டா பாராட்டா என்று தெரியாது. ஆள் நிற்கிறானா, அதுதான் அதற்குக் கணக்கு. நூறு பேர் நின்றால் ஆயிரம் பேருக்குக் காட்டும்.

நான் அதைச் செய்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் சித்தப்பா பெயர் ஆவுடையப்பன். அப்பாவின் தம்பி. கல்யாணச் சமையல் செய்கிறவர். திருநெல்வேலி டவுனில் கேட்டால் தெரியும். இப்போதும் தெரியும், ஆனால் இப்போது தெரிவது வேறு மாதிரி. ஐம்பத்தெட்டு வயது. மெலிந்த ஆள். சமையலில் எல்லாம் செய்வார், ஆனால் அவர் பெயர் வாங்கியது தேங்காய்ப்பால் சொதியில்தான். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதிதானே. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கல்யாணத்தன்று என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்துவிடுவார்கள். சொதி சரியில்லை என்றால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக்காட்டுவார்கள்.

அவர் மூன்றாம் பால், இரண்டாம் பால் எல்லாம் உதவிக்கு இருக்கிற இசக்கி அண்ணனை ஊற்ற விடுவார். முதல் பாலை மட்டும் அவர்தான் ஊற்றுவார். ஊற்றிவிட்டு அடுப்பிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. இறக்கி வைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு எலுமிச்சம்பழம் பிழிவார். புளிப்பு என்றால் அந்த எலுமிச்சைதான். அங்கே புளி பக்கத்தில் வரக்கூடாது. புளி விட்டால் பாலும் திரியும், பெயரும் திரியும். இது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

அவருக்காகத்தான் செயலியில் அவர் பெயரில் ஒரு பக்கத்தை ஆரம்பித்தேன். சத்தியமாக அவருக்காகத்தான். எனக்குக் கல்லூரி முடித்து இரண்டு வருஷமாக வேலை இல்லை, அது வேறு விஷயம். சித்தப்பாவிடம் பட்டன் போன்தான். “ஒங்க சமையலை ஊரே பாக்கணும் சித்தப்பா” என்றேன். “ஊரே சாப்புடுதுல்லா, பொறவு எதுக்குப் பாக்கணும்?” என்றார். ஆனால் தடுக்கவில்லை. நான் போனைத் தூக்கிக்கொண்டு ஆக்குப்புரைக்குள் நுழைந்தால், புகை என் பக்கம் வராமல் அடுப்பைத் தள்ளிப் போடச் சொல்வார்.

நாற்பது வீடியோ போட்டேன். இருநூறு பேர், முந்நூறு பேர். அதிலும் பாதி எங்கள் சொந்தக்காரர்கள். உங்களுக்குச் சொன்ன ஆறு குறிப்பும் செய்தேன். தினமும் ஒரே நேரத்தில் போடு, வெளிச்சத்தில் எடு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் பதில் போடு. எல்லாம் செய்தேன். ஏறவில்லை. அப்போதுதான் யாரோ ஒருவர் சொல்லிக்கொடுக்கிற வீடியோவில் இந்த ஏழாவதைப் பார்த்தேன்.

மாசி மாதம். பாளையங்கோட்டையில் ஒரு மறுவீடு. ஒரு அடுப்பில் சொதி, அடுத்த அடுப்பில் புளிக்குழம்பு. சித்தப்பா குழம்புக்குப் புளித்தண்ணீர் ஊற்றினார். அவர் கை, கையில் ஒரு பித்தளைப் போணி, அதிலிருந்து விழுகிற புளித்தண்ணீர், அவ்வளவுதான் என் போனில் விழுந்தது. சட்டி தெரியவில்லை. அடுத்து சொதியை எடுத்தேன், வெள்ளை வெளேரென்று. வீட்டுக்கு வந்து இரண்டையும் ஒட்டினேன். ஒட்டிய இடம் கண்ணுக்கே தெரியாது. ‘நெல்லை சொதி, கல்யாணவீட்டுப் பக்குவம்’ என்று தலைப்புப் போட்டேன்.

அக்கா, மறுநாள் காலையில் நாற்பதாயிரம் பேர். ஒரு வாரத்தில் பதினான்கு லட்சம்! பதினான்கு லட்சம் என்றால், பிரிப்பதற்கு முந்தைய நம்ம ஜில்லாவில் பாதிப்பேர். நீங்கள்கூடப் பார்த்திருப்பீர்கள்... பார்த்தீர்களா? சிரித்தீர்களா? பரவாயில்லை. எல்லோரும் சிரித்தார்கள். ‘சொதியில் புளியா, சாம்பாரில் சர்க்கரை போடுவீர்களா?’ ‘தாத்தாவுக்கு ஓய்வு குடுங்கப்பா.’ ‘புளி மாஸ்டர்.’ இந்தக் கடைசிப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. ஒரே ஒருவர் மட்டும், ‘புளி ஊற்றினால் நிறம் மாறியிருக்க வேண்டுமே, வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்’ என்று சரியாக எழுதியிருந்தார்.

அந்த ஒரு கருத்தை மட்டும் நீக்கினேன்.

சித்தப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். பட்டன் போன்தானே. அவருக்குத் தெரியாத இடத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அதனால் அவருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தை ஒன்றரை லட்சம் பேர் தொடர்ந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு நல்ல வீடியோ போட்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம், இத்தனை பேரும் அதையும் பார்ப்பார்களே என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

வைகாசியில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். சங்கரி. எனக்கு இரண்டு வயது இளையவள். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது, அதனால் அண்ணன் முறைக்கு நான்தான். கடையத்தில் மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அப்பா தெய்வநாயகம், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவருடைய அக்கா பேசுவார். பகவதி அத்தை என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லாம் பேசி முடித்து, பத்திரிகையும் அடித்த பிறகு ஒருநாள் இரண்டு பேரும் வந்தார்கள்.

சித்தி காப்பி கொண்டுவந்து வைத்தாள். தெய்வநாயகம் அண்ணாச்சி காப்பியைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. தரையையே பார்த்தார். பகவதி அத்தைதான் ஆரம்பித்தார்.

“கல்யாணச் சமையல் நீங்கதான், அதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. மறுவீட்டுச் சொதிக்கு மட்டும் வேற ஆள் வச்சுக்கிடுவமா?”

சித்தி திரும்பிப் பார்த்தாள். “வேற ஆளா? இவ்வோ மக கல்யாணத்துக்கா?”

“தப்பா எடுக்காதீங்கம்மா. எங்க சனம் சொதிக்குன்னே வரும். வந்து ஒக்காந்துக்கிட்டு, இதுல புளி எங்கன்னு கேட்டுச் சிரிச்சுட்டான்னு வைங்க, புள்ளைக்குல்லா சங்கடம்?” போனை எடுத்து நீட்டினார். “இந்தா பாருங்க.”

சித்தப்பா போனை வாங்கினார். கையைத் தூரமாக நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். முழுதும் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, நிலைப்படியில் நின்ற என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சொல்ல வந்திருக்கும் அக்கா. ‘நான்தான் ஒட்டினேன்’ என்று. வாய் வரைக்கும் வந்தது. அவர் சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி பார்த்தார்.

“ஆமாம்மா” என்றார் அத்தையிடம். “கை மாறிப் போச்சு. பக்கத்து அடுப்புக்கு ஊத்த வேண்டியதை இதுல ஊத்திட்டேன். வயசாகுதுல்லா.”

ஒன்றை விட்டுவிட்டேன் அக்கா. சொல்லாமல் போய்விடலாம் என்று பார்த்தேன், முடியாது போலிருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் பதில் போட வேண்டும் என்று சொன்னேனே, அந்த வீடியோவுக்கும் போட்டேன். சித்தப்பா எழுதுகிற மாதிரி எழுதினேன். ‘எங்க பரம்பரைப் பக்குவம் இதுதான். தெரியாதவங்க பேச வேண்டாம்’ என்று. அதைப் படித்துத்தான் இன்னும் ஆயிரம் பேர் சண்டைக்கு வந்தார்கள்.

பகவதி அத்தை அதையும் படித்திருந்தார். “கை மாறிப் போச்சுங்கீங்க. இங்க பரம்பரைப் பக்குவம்னு பதில் போட்டிருக்கீங்க. ரெண்டுல எது அண்ணாச்சி நெசம்?”

சித்தப்பாவுக்கு அந்தப் பதிலைப் பற்றித் தெரியாது. அது அப்போதுதான் அவர் காதில் விழுகிறது.  அப்புறம் சிரித்தார்.

“தப்பு பண்ணுனவன் வாய் சும்மா இருக்குமாம்மா? சமாளிக்கப் பாத்தேன். நான்தான் போடச் சொன்னேன்.”

தெய்வநாயகம் அண்ணாச்சி, “விடுக்கா, போதும்” என்று எழுந்துவிட்டார். காப்பி அப்படியே இருந்தது.

அவர்கள் போன பிறகு சித்தி அழுதாள். நான் அங்கேயேதான் நின்றேன். சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, “அம்பாசமுத்திரத்துல மாணிக்கவாசகம்னு ஒருத்தரு இருக்காரு. நல்ல கை. நாளைக்குப் போயிப் பேசி முடிச்சுட்டு வந்துரு” என்றார். போனேன். பேசி முடித்தேன். அவர், “ஆவுடையப்பன் வீட்டுலயா? எனக்கா?” என்று மூன்று முறை கேட்டார். ஆமாம், ஆமாம், ஆமாம் என்றேன்.

கல்யாணத்தன்று சமையல் முழுக்கச் சித்தப்பா. ஒரு குறை கிடையாது. மணவறையில் சங்கரி கையில் பொரி போட என்னைக் கூப்பிட்டார்கள். போட்டேன். “அண்ணே, பாதிய கீழ கொட்டுத” என்று சிரித்தாள். 

மறுநாள் மறுவீட்டுப் பந்தி. பெண்ணைப் பெற்றவர், சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். எத்தனையோ கல்யாணத்தில் சொதிக்குப் பக்கத்தில் நின்ற மனிதர் அன்றைக்கு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறது நான். சொதி வாளி என் கையில். வரிசையில் எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டே வருகிறேன். எதிர்ப் பந்தியில் எவனோ ஒருவன், “இன்னைக்குப் புளி இல்லையாம்ல, தைரியமாத் தின்னு” என்றான். நாலு பேர் சிரித்தார்கள். சித்தப்பா இலைக்கு வந்துவிட்டேன்.

சோற்றைக் குழித்து வைத்திருந்தார். ஊற்றினேன். பிசைந்து ஒரு வாய் வைத்தார். எல்லோரும் அவர் வாயைத்தான் பார்க்கிறார்கள். சம்பந்தி, பகவதி அத்தை, இலையைத் தாண்டி எட்டிப் பார்க்கிற பிள்ளைகள், எல்லோரும்.

“அருமையா இருக்கு” என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “இன்னும் கொஞ்சம் ஊத்து லிங்கம்.”

ஊற்றினேன். அதையும் சாப்பிட்டார். மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆக்குப்புரைக்குப் பின்னால் வந்து வாளியை வைத்தேன். இசக்கி அண்ணன் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார். “அவரு மாசி மாசமே பாத்துட்டாருல. நான்தான் காட்டுனேன். மூணு தடவ போடச் சொன்னாரு. ‘கை என்னுதுதான், சட்டி வேற’ன்னாரு. பொறவு போனை என் பையில அவரே வச்சுட்டு, ‘லிங்கத்துக்கிட்ட ஒண்ணும் கேக்காத, அவனுக்கு இப்பதான் ஏதோ நல்லபடியா நடக்குது’ன்னாரு. ஒனக்குச் சோறு எறங்குதால?”

இறங்கியது அக்கா. அதுதான் கேவலம். அன்றைக்கு நானும் சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்துச் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். சொன்னேன் என்றால், அழுதேன். அவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “வெங்காயத்துக்கு முன்னால ஒக்காந்து அழுதா யாருலே நம்புவா?” என்றார். அப்புறம்தான் குரலைத் தாழ்த்தி, “கடையத்துல மட்டும் சொல்லிராத. அப்பனுக்குக் கை தப்பிட்டுன்னா வயசுன்னு போயிரும். அண்ணங்காரனே அப்பன் மேல பழியப் போட்டான்னா, அவ அங்க எப்படி நிமிந்து நடப்பா?” என்றார்.

அது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா? சித்தப்பாவே சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் பேச்சை மீறலாமா? மீறவில்லை. செயலிப் பக்கத்தில் மட்டும் உண்மையை ஒரு வீடியோவாகப் போட்டேன். ‘அந்தப் புளி வேறு சட்டியில் விழுந்தது’ என்று. என் முகம் காட்டவில்லை, சட்டியைத்தான் காட்டினேன். அறுநூறு பேர் பார்த்தார்கள். உண்மை என்றால் திருத்துவதற்கு ஒன்றும் இல்லையே அக்கா, யார் நின்று பார்ப்பார்கள்?

பழையதா? இருக்கிறது. இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் பக்கம் படுத்துவிடும். இன்றைக்கு நோட்டீஸில் ‘பதினான்கு லட்சம் பார்வை பெற்ற பயிற்சியாளர்’ என்று போட்டிருந்தார்களே, அது அதுதான். நீங்கள் வந்தது அதைப் படித்துத்தானே. ஆமாம். எனக்குத் தெரியும்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட, இன்றைக்கு ஏழாவதையும் சொல்லிவிட்டு, வடையைத் தின்றுவிட்டு வந்திருப்பேன்.

சங்கரி சும்மா இருக்கிற பெண் இல்லை. அப்பா ஐம்பத்தெட்டு வயதில் சொதிச் சட்டியில் புளி ஊற்றினார் என்றால், அவளுக்கு அது சிரிப்பு இல்லை, பயம். கண் தெரியவில்லையோ என்று கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இவரும் வாயைத் திறக்காமல் போய் உட்கார்ந்தார். சுவரில் மாட்டியிருக்கிற எழுத்தில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார். சின்ன எழுத்துப் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி எழுதிக்கொடுத்து, மற்றபடி கண் அருமை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நமக்கென்றால் சந்தோஷம். அவளுக்கு அங்கேதான் பயம் கூடிவிட்டது. கண் நன்றாக இருக்கிறது என்றால், பிறகு ஏன் ஊற்றினார்? தலையில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்துவிட்டாள். “அப்பா இனிமே கொதிக்கிற அண்டாப் பக்கம் போகக்கூடாது” என்று மாப்பிள்ளையும் அவளும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். ஆவணி மாதக் கல்யாணங்கள் எல்லாவற்றையும் சித்தப்பா இசக்கி அண்ணனிடம் கொடுத்துவிட்டார். கரண்டியையும் கொடுத்துவிட்டார். இப்போது காலையில் எழுந்து, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சித்தி ரசத்துக்கு உப்புப் பார்க்கச் சொன்னால்கூட, “நீயே பாரு” என்கிறார்.

நான்தான் அப்படி ஆக்கினேன் என்று முழுதும் சொல்ல முடியாது, அவரும் சொல்லியிருக்கலாமே... இல்லை. நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கரி எனக்குப் போன் போட்டாள். “அண்ணே, அன்னைக்கு நீ பக்கத்துலதான நின்ன. அப்பா தடுமாறுனாரா? பேரெல்லாம் மறக்காரா? மறைக்காமச் சொல்லு, ஒன்னையத்தான் நம்பிக் கேக்கேன்” என்றாள்.

என்ன சொன்னேன் என்று கேளுங்கள் அக்கா. கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை இதை. “கொஞ்சம் மறதி இருக்குன்னுதான் தோணுது” என்றேன். என்றேன் அக்கா. இந்த வாயால். அவள் அந்தப் பக்கம் அழுதாள். நான் இந்தப் பக்கம், “பயப்படாத, பாத்துக்கிடலாம்” என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

நாளைக்குப் பத்து மணிக்குத் திருநெல்வேலியில் நரம்பு டாக்டர். அவள் கடையத்திலிருந்து வருகிறாள். நானும் கூட வர வேண்டுமாம். வீட்டு ஆளில் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருத்தன்தானே, டாக்டரிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம். சித்தப்பா அங்கே உட்கார்ந்திருப்பார். அவர் முகத்துக்கு நேராக, இவர் மறந்துதான் போகிறார் என்று நான் சொல்ல வேண்டும். அவரும் ஆமாம் என்று தலையாட்டுவார். எனக்காக அதையும் ஆட்டுவார். அப்புறம் மாத்திரை எழுதுவார்கள். அதையும் போட்டுக்கொள்வார். இல்லாத நோய்க்கு அவர் மாத்திரை சாப்பிடுவார் அக்கா.

என்ன? இல்லை, சித்தப்பாவிடம் கேட்டால் சொல்லாதே என்றுதான் சொல்வார். நாளைக்கு நேரில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று... நேரில் என்றால் முடியாது என்று உங்களுக்கும் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது. அவள் முகத்தைப் பார்த்தால் ‘மறதி’ என்றுதான் வரும்.

இப்போதா? பஸ்ஸிலா?

உங்களிடம் இவ்வளவும் சொல்லிவிட்டேன், உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

இருங்கள். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள் அக்கா, காற்றுச் சத்தம்.

அவள் போனில் மணி அடிக்கிறது.

“ஆங், சங்கரி, நான்தான். பஸ்ஸுல. ஆமா, தென்காசிலருந்து வாறேன்... இரு, நாளைக்கு விஷயந்தான். இரு, சொல்லுதேன். நாளைக்கு டாக்டர் வேண்டாம். ஏட்டி, கேளு. வேண்டாம்னா வேண்டாம். அப்பா புளி ஊத்தல... ஊத்தவே இல்ல. அது புளிக்கொழம்புச் சட்டி. நான் வெட்டி ஒட்டுனேன்... நான்தான். வெளையாட்டுக்கு இல்ல. ஆளுக பாக்கணும்னு... ஆமா, அந்தப் பதிலும் நான்தான்... அப்பாவுக்குத் தெரியும். மொதல்லருந்தே தெரியும்... ஞாயித்துக்கெழமை சொன்னது பொய்யி. அவருக்கு ஒரு மறதியும் கெடையாது... அழாத. சரி, திட்டு. வைக்காம திட்டு... ம்... ம்... ஆமா, நாய்தான்... ம்...

“ஏட்டி, ஒண்ணு கேளு. ஒன் மாமனாரு வீட்டுல இருக்காருல்லா? போனை அவுககிட்ட குடு... தெரியும், அப்பா சொல்லக்கூடாதுன்னுதான் சொன்னாரு. ஒன் பேரு கெடாது, கெட்டா என் பேருதான் கெடும், குடு... பகவதி அத்தையும் பக்கத்துல நின்னா நல்லதாப் போச்சு. சத்தமாப் போடு...

“அண்ணாச்சி, வணக்கம். நான் குற்றாலலிங்கம் பேசுதேன். ஆவுடையப்பன் அண்ணன் மகன்.”